பூங்காவில் மோப்ப நாய்ப் பயிற்சி மையம்: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

காவல்துறையின் மோப்ப நாய்ப் பயிற்சி மையத்தை நம் ஊருணிக் கரைப் பூங்காவின் வடக்குப் பாதிக்கு மாற்றும் யோசனை இருக்கிறது. இடத்தை அளந்து, வேப்பமரங்களில் சுண்ணாம்புக் குறியும் போட்டுவிட்டார்கள். உத்தரவு இன்னும் வரவில்லை. பேசுவதானால் இப்போதே பேச வேண்டும்.

கூட்டம்: மார்ச் 15, ஞாயிறு, மாலை 5 மணி, பூங்கா வாசல்.

1. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். சென்னை, சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் கருத்தை எழுதி அனுப்புங்கள். பூட்டிய வீட்டுக்கும் குரல் உண்டு.

2. மனுவில் கையெழுத்துடன் கதவு எண்ணும் வேண்டும். நடக்க முடியாத ஆச்சிமார், ஐயாமாரிடம் நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

3. நாம் கேட்கப்போவது: எத்தனை நாய்கள்? கொட்டில் எங்கே? கழுவிவிடும் தண்ணீர் எங்கே போகும்? ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் அந்த வடக்கு ஓரத்தில்தான் ஓடுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. குரைப்புச் சத்தம் அடுத்ததுதான். பிள்ளைகளின் ஊஞ்சல் பகுதிக்குத் தனி வேலி உண்டா?

4. தெருநாய்ப் பிரச்சினையை இதில் கலக்க வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு கூட்டமே போட வேண்டும்!

நாய்கள் மீது யாருக்கும் கோபமில்லை. 1951-லேயே சென்னையில் மோப்ப நாய்ப் பிரிவு தொடங்கிய துறை இது. அவற்றின் உழைப்பு தெரிந்ததுதான். ஆனால் மண்குதிரைகளை எடுத்துச் செல்லும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு வேட்டுப் போடும் ஊரில், கூர்மையான காதுள்ள அந்த நாய்களுக்குத்தான் முதல் சங்கடம். ஊருக்கு வெளியே இடம் பார்க்கச் சொல்வது அவற்றுக்கும் நல்லது.

‘வருகிறேன்’ அல்லது ‘வர இயலாது’ என்று கதவு எண்ணுடன் வெள்ளி இரவுக்குள் பதிலிடுங்கள். அதுவரை காலை வணக்கப் படங்களைத் தவிர்த்தால் பதில்களை எண்ண வசதியாக இருக்கும்.

– செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்