சட்ஸ்வர்த், பீனிக்ஸ் சமுதாயக் காவல் மன்றத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணன்மாரே, அக்காமாரே,

தென்னாப்பிரிக்காவில், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சந்தேக நபர்கள் இறக்கும்போதெல்லாம், டர்பன் நகரின் சட்ஸ்வர்த், பீனிக்ஸ் போன்ற நம் இந்திய வம்சாவளிப் பகுதிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் பாராட்டுகள் குவிகின்றன. "அவர்கள்தாம் முதலில் சுட்டார்கள்" என்று போலீஸ் சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. போலீஸின் அந்த முதல் வாக்குமூலத்தைப் பற்றித்தான், வட்டாரப் போலீசும் மக்களும் கூடிப் பேசும் மன்றத்தை நடத்தும் உங்களுக்கு எழுதுகிறேன்.

குற்றங்களைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 2021 ஜூலைக் கலவரத்தில் போலீஸ் கண்ணிலேயே படாத நாள்களையும் நாம் பார்த்தோம். பீனிக்ஸ் பகுதியில் அப்போது முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஆகவே போலீஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்தபோது, அந்நகரப் போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கை அதை ஒரு மருத்துவப் பிரச்சினை என்றே குறிப்பிட்டது. கழுத்தின் மேல் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அழுத்தியிருந்த முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தெருவில் நின்ற ஒரு சிறுமி எடுத்த காணொளிதான் உலகுக்கு உண்மையைக் காட்டியது. 2023 ஜூனில் பாரீஸை அடுத்த நான்டேரில் வட ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த நஹேல் என்ற 17 வயதுச் சிறுவன் சுடப்பட்டான். கார் போலீஸ்காரர்கள்மேல் பாய வந்தது என்று முதலில் சொல்லப்பட்டது. காணொளியிலோ போலீஸ்காரர் காரின் பக்கவாட்டில் நின்று துப்பாக்கியை நீட்டுகிறார்.

நம் நாட்டுக்கு வாருங்கள். 2013 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் அருகே டேவிட்டனில் மொசாம்பிக் நாட்டு டாக்சி ஓட்டுநர் மிடோ மாசியா போலீஸ் வண்டியின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு, காவலில் இறந்தார். அவர் போலீஸ்காரரைத் தாக்கித் துப்பாக்கியைப் பிடுங்கினார் என்றார்கள். சுற்றி நின்றவர்கள் படம் எடுத்திருந்தார்கள். எட்டுப் போலீஸ்காரர்களுக்குத் தலா 15 ஆண்டுச் சிறை கிடைத்தது. படம் மட்டும் இல்லையென்றால், ஓர் அந்நியத் தொழிலாளியின் சாவை யார் கேட்டிருப்பார்கள்?

இந்த வேதனை நம் வீடுகளுக்குப் புதியதன்று. 1913 நவம்பரில் நட்டால் கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர்மேல் போலீஸ் சுட்டது. நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1971இல், ஜோகன்னஸ்பர்க் காவல் கட்டடத்தின் பத்தாம் மாடியிலிருந்து, காவலில் இருந்த ஆசிரியர் அகமது திமோல் தாமே குதித்தார் என்றார்கள். 1977இல் இதே டர்பனில், பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில், இளம் பல் மருத்துவர் ஹூசேன் ஹஃபெஜீ தூக்கிட்டுக்கொண்டார் என்றார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள் என்று நீதிமன்றம் சொன்னது முறையே 2017இலும் 2023இலும். போலீஸின் முதல் சொல்லைப் பொய்யென்று நிறுவ இரு குடும்பங்களும் 46 ஆண்டுகள் காத்திருந்தன. பெற்றோர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் காண்கிறேன். எந்த நாட்டுப் போலீசும் பிறவியிலேயே நல்லவர்களோ கொடியவர்களோ அல்லர். இங்கிலாந்தில் பெரும்பாலான போலீஸ்காரர்கள் துப்பாக்கி ஏந்துவதில்லை. போலீஸ் கையில் ஓர் உயிர் போனால், விவகாரம் கட்டாயமாக ஒரு சுயேச்சை அலுவலகத்துக்குப் போகிறது. அங்கும் கறுப்பின இளைஞர்கள்தாம் தெருவில் அதிகம் நிறுத்திச் சோதிக்கப்படுகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் போலீசால் சுட்டுக் கொல்லப்படுபவர்கள் ஆண்டுக்கு ஒரு சிலரே. அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 தனித்தனிப் போலீஸ் அமைப்புகள். எல்லாவற்றுக்கும் பொதுவான மேற்பார்வை கிடையாது. ஆண்டுதோறும் ஆயிரம் பேர் அளவில் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். மக்கள்தொகை விகிதத்தில் கறுப்பினத்தவர் வெள்ளையரைப் போல் இரு மடங்குக்கு மேல்.

நம்மிடம் சட்டம் இருக்கிறது. போலீஸ் நடவடிக்கையில் ஒருவர் இறந்தால், போலீஸ்மீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சைக் காவல் புலனாய்வு இயக்குநரகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எழுத்து வடிவில் அறிக்கை தர வேண்டும் என்கிறது 2011ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 350 பேருக்கு மேல் இப்படி இறக்கிறார்கள். நம் குவாசுலு-நட்டால் அந்தப் பட்டியலில் முன்னணியில் நிற்கிறது. இறப்பவர்கள் இங்கே எண்ணிக்கையில் சிறுபான்மையினர் அல்லர். ஏழைகள், தகரக் கொட்டகைவாசிகள், பேச்சில் அந்நிய வாடை வீசுபவர்கள். நாம் அன்று நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அதைப் பார்த்துக் கைதட்டுவது எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் மன்றம் திருட்டுகளைக் கணக்கெடுக்க மட்டும் உருவானதன்று. 1995ஆம் ஆண்டுப் போலீஸ் சேவைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, போலீஸ் மக்களுக்குப் பதில் சொல்லும்படி செய்வதையும் உங்கள் பணியாகவே வைத்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நிலையத் தலைவரிடம் இதைக் கேளுங்கள்: உங்கள் எல்லைக்குள் போலீஸ் நடவடிக்கையில் இறந்த ஒவ்வொருவரைப் பற்றியும் இயக்குநரகத்துக்கு எப்போது எழுதினீர்கள்? கோப்பு எண் என்ன? விசாரணை எந்த நிலையில் இருக்கிறது? பதில்களைக் கூட்டக் குறிப்பில் எழுதி, பகுதி மக்கள் அனைவரும் படிக்கும்படி ஒட்டுங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இந்த மடலை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
சட்ஸ்வர்த் குடியிருப்பாளர் ஒருவர்