சான்றிதழ் கிடைத்தது, ஏழு நாள் சம்பளம் எங்கே?

முதியோர் இல்ல நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இல்லத்தில் தொற்று பரவியது, உறவினர் வருகையை நிறுத்தியது, பராமரிப்பாளர்களான எங்களில் ஐந்து பேர் அடுத்தடுத்துப் படுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் எழுதுவது வெள்ளிக்கிழமை நடந்த பாராட்டுக் கூட்டத்தைப் பற்றி.

ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தீர்கள். 'தன்னலமற்ற சேவைக்கு' என்று போட்டிருந்தது. அன்று சாயங்காலமே சம்பளச் சீட்டும் வந்தது. தொற்றோடு தனிமையில் கிடந்த ஏழு நாளும் சம்பளமில்லா விடுப்பாம். தன்னலமற்ற என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த ஏழு நாளும் மாடியில் சாமான் போடும் அறையில் இருந்தேன். போர்வை மூட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டில். சாப்பாட்டை வாசலில் வைத்துக் கதவைத் தட்டுவார்கள்; நான் எழுந்து திறப்பதற்குள் காலடிச் சத்தம் படியிறங்கிப் போயிருக்கும். அலுவலகத்திலிருந்து மூன்று முறை போன் வந்தது. மருந்து அலமாரிச் சாவி எங்கே என்று ஒருமுறை, பரிசோதனை முடிவு வந்ததா என்று ஒருமுறை, வேலைக்கு எப்போது வருவாய் என்று ஒருமுறை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டது கீழே பதினோராம் அறை அம்மா மட்டும்தான். அவருக்கு மறதி நோய். நாங்கள் முகக்கவசம் மாட்டிய நாளிலிருந்து என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். தோழி ஒருத்தி போனை அவர் காதில் வைத்தாள். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, குரலும் பிடிபடவில்லை. "யாரோ பாவம், உடம்பு முடியல போலிருக்கு. வெந்நீர் குடிம்மா" என்றார். யாரென்றே தெரியாதவளிடம் கேட்கத் தோன்றியது அவருக்கு.

உங்கள் பதிவேட்டையே பாருங்கள். நான் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டிவிட்ட இரண்டு பேருக்கு வந்த பிறகுதான் எனக்கு வந்தது. அப்படியென்றால் அந்த ஏழு நாளும் வேலை நாள்தான். அதற்குச் சம்பளம் கொடுங்கள். எனக்கு மட்டுமல்ல, ஐந்து பேருக்கும்.

போன மாதம் ஒருவர் காய்ச்சலை மறைத்து, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு ஷிப்ட் பார்த்தார் என்று எல்லார் முன்னாலும் திட்டினீர்கள். அவர் செய்தது தப்புதான். ஆனால் சொன்னால் சம்பளம் போகும் என்றிருந்தால் யார் வாய் திறப்பார்கள்? வெட்டிய சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எவ்வளவோ, அப்படிப் பரவிய தொற்றுக்கு ஆன செலவு எவ்வளவோ, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்களைப் பாராட்டுவதில் உலகம் எப்போதுமே குறை வைத்ததில்லை. 2020-இல் நாடு நாடாகக் கை தட்டினார்கள். 2021-ஐச் சுகாதார, பராமரிப்புப் பணியாளர்களின் ஆண்டு என்றே உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை கொரோனாவில் இறந்த அப்படிப்பட்ட பணியாளர்கள் 80,000-இலிருந்து 1,80,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டதும் அதே நிறுவனம்தான். தேவதைகள் என்று எங்களை அழைப்பதில் ஒரு வசதி உண்டு. தேவதைகளுக்கு வாடகை கிடையாது, காய்ச்சல் வராது, சம்பளச் சீட்டும் தேவையில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது இதுதான். அடுத்த சம்பளப் பட்டியல் போடும்போது தனிமையில் இருந்த நாட்களைப் பணி நாட்களாகச் சேர்த்து, பிடித்த தொகையைத் திருப்பித் தாருங்கள். இனி தொற்று வந்தாலும் இதே முறை என்று எழுத்தில் கொடுங்கள். தயவுசெய்து.

இன்னொன்று. அந்த மாடி அறையில் இப்போது இருக்கும் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இன்று ராத்திரி அவளைக் கூப்பிடுங்கள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணிப் பராமரிப்பாளர் ஒருத்தி