அப்பாவின் கடைவாய்ப் பல்லுக்காக ஒரு கடிதம்

ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்
பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மூன்று மாதமாகக் கடைவாய்ப் பல்லில் கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். "சின்னவ வந்து பிடுங்கட்டும், வேற யாரும் என் வாயில கை வைக்கக் கூடாது" என்று சொன்னீர்களாமே. அதைக் கேட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னால் இப்போதைக்கு வர முடியாது, அப்பா. தூத்துக்குடியில் ஆறு வருஷம் பல் பிடுங்கிய கை இங்கே சும்மா இருக்கிறது. நம்மூர் பி.டி.எஸ்.ஸை மட்டும் வைத்து இங்கே லைசென்ஸ் வாங்க முடியாது. தேர்வு எழுதிப் பாஸ் செய்த பிறகு, இங்குள்ள பல் மருத்துவக் கல்லூரியில் இன்னும் இரண்டு மூன்று வருஷம் படிக்க வேண்டும். அவர் இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்குக் கிளம்பியதும் நான் புத்தகப் பையோடு மெயின் ஸ்ட்ரீட் நூலகத்துக்குப் போய்விடுவேன். கணுக்கால் வரை பனி. மூக்கு நுனி எரியும், பிறகு மரத்துப்போகும்.

போகிற வழியில் புஷ்னல் பூங்கா. தங்க முலாம் பூசிய குவிமாடத்தோடு சட்டசபைக் கட்டடம் தெரியும். அந்தப் பூங்காவில் ஒரு வெண்கலச் சிலை. முதல் நாள் பெயரைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். ஹொரேஸ் வெல்ஸ்! 'நைட்ரஸ் ஆக்சைடு, ஹொரேஸ் வெல்ஸ், 1844' என்று பரீட்சைக்கு ஒரே வரியாக நான் மனப்பாடம் செய்த ஆள். இந்த ஊரில் பல் வைத்தியம் பார்த்தவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்றிலிருந்து நூலகத்தில் பாடத்தை மூடிவிட்டு அவரைப் பற்றித்தான் படித்தேன்.

21 வயதில் இங்கே கடை போட்டிருக்கிறார். 1838-ல் எலிசபெத் வேல்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அடுத்த வருஷம் சார்லஸ் பிறந்தான், ஒரே பிள்ளை. அந்தக் காலத்தில் மரப்பு ஊசி ஏது? ஆளைப் பிடித்து அமுக்கிக்கொண்டுதான் பல்லைப் பிடுங்க வேண்டும்.

1844 டிசம்பர் 10-ம் தேதி, கோல்டன் என்பவர் நடத்திய சிரிப்பு வாயு (நைட்ரஸ் ஆக்சைடுதான்) வேடிக்கைக்கு வெல்ஸ் மனைவியோடு போனார். வாயுவைச் சுவாசித்த கூலி என்ற இளைஞர் ஆட்டம் போட்டதில் பெஞ்சில் மோதிக் கால் கிழிந்துவிட்டது. ரத்தம் வழிகிறது, அவரோ வலியே தெரியாமல் வந்து உட்காருகிறார். கூட்டம் சிரித்தபோது வெல்ஸ் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் கோல்டனை வாயுப் பையோடு தன் கடைக்கு வரவழைத்தார். யார் பல்லில் சோதித்தார் தெரியுமா? தன் பல்லிலேயே, அப்பா. வாயுவை இழுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார், ஜான் ரிக்ஸ் என்ற இன்னொரு பல் வைத்தியர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். (ஈறு நோய்க்கு 'ரிக்ஸ் டிசீஸ்' என்று பழைய பெயர் உண்டு. அது இவர் பெயர்தான்.) வலிக்கவில்லை. எழுந்திருப்போமா மாட்டோமா என்றே தெரியாத நிலையில் அந்த நாற்காலியில் உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை. எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த மாதமே பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன்னால் செய்து காட்டினார். வாயுப் பையைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். நோயாளி கத்திவிட்டான். பெரிதாக வலிக்கவில்லை என்று அவனே பிறகு சொல்லியும் யார் கேட்டார்கள்? மோசடி என்று கேலி செய்தார்கள். அதோடு தொழிலில் மனம் ஒட்டவில்லை. பறவைக் கண்காட்சி நடத்தினார், குளியல் ஷவர் செய்து விற்றார். அவரிடம் தொழில் கற்ற மார்ட்டன் 1846 அக்டோபரில் அதே பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துப் பெயர் வாங்கினார். வெல்ஸ் பாரிஸ் வரை போய்த் தன் பங்கைச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நியூயார்க்கில் தனியாக இருந்துகொண்டு குளோரோஃபார்ம் என்ற இன்னொரு மயக்க மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்துச் சோதித்துப் புத்தி பேதலித்துவிட்டது. தெருவில் போன பெண்கள் மேல் அமிலத்தை வீசிவிட்டார். 1848 ஜனவரியில், தன் 33-வது பிறந்தநாளில் கைதாகி, சில நாளில் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். பாரிஸ் மருத்துவச் சங்கம் அவரைக் கௌரவித்த செய்தி வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

எலிசபெத்தையும் அந்த எட்டு வயதுப் பையனையும் நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த ஊரிலேயே அந்தப் பெயரோடு தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமே! அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 1864-ல் மயக்க மருந்துக்கு அவரே முன்னோடி என்று ஏற்றுக்கொண்டது. சிலை வைத்தது 1875-ல். எலிசபெத் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனாள். மகன் சார்லஸ் பெரியவனான பிறகு அப்பா அம்மா இருவர் கல்லறையையும் சீடர் ஹில் இடுகாட்டுக்கு மாற்றி நினைவுச்சின்னம் எழுப்பினான். போன ஞாயிறு போய்ப் பார்த்தோம். 'இனி வலி இராது' என்று அதில் பொறித்திருக்கிறது. கையுறையைக் கழற்றி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

போன மாதம் உங்கள் மாப்பிள்ளைக்கும் கடைவாய்ப் பல் எடுத்தார்கள். மூக்கில் சின்ன ரப்பர் மூடி வைத்து, அதே வாயுவை ஆக்சிஜனோடு கலந்து கொடுத்தார்கள். செருப்புக்குள் இறுக்கி மடக்கி வைத்திருந்த அவர் கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஊசி. பல் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு அந்த வாயுகூட வேண்டாம், ஊசி ஒன்றே போதும். என்னோடு வேலை பார்த்த டாக்டரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை காலையில் அக்காவோடு போங்கள். இட்லி சாப்பிட்டு, சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள், வெறும் வயிறு கூடாது. ஊசி போடும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பஞ்சை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள். அன்று முழுக்கத் துப்பவும் வேண்டாம், சூடாகக் காப்பியும் வேண்டாம்.

பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவி வெள்ளைத் துணியில் வைத்து அக்காவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேர் முழுசாக வந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
சின்னவள்