இரத்தக் கட்டியைத் திருப்பிப் போட்டவர்

திண்டுக்கல்

அன்புள்ள நடராஜனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரைப் பரிசோதனைக்குக் கை நீட்டியபோது ஊசிக்குழலில் ஏறிய இரத்தம் நாவல்பழம்போல் கறுத்திருந்ததைக் கண்டு பயந்துவிட்டதாக எழுதியிருந்தாய். பயப்பட ஒன்றுமில்லை, கொண்டுபோன ஆக்சிஜனில் ஒரு பங்கை உடம்புக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற சிரை இரத்தம் எவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது மறுபடியும் எங்கே சிவக்கிறது என்று கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நீ கேட்காவிட்டாலும் அதை எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், இரத்தம் கல்லீரலில் உண்டாகிறது என்றும், உள்ளிழுக்கும் மூச்சு இதயத்தின் சூட்டைத் தணிக்கிறது என்றும் சொல்லிவைத்தார். இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவிய பிறகும் நிறத்தின் புதிர் அவிழவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ரிச்சர்ட் லோயர் என்ற ஆங்கிலேய மருத்துவரும், இதயத்தில்தான் நிறம் மாறுகிறது என்றே 1665இல் எழுதினார்.

1667 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், ஒரு நாயின் மார்பைத் திறந்து, நுரையீரலின் மேற்பரப்பில் சிறு துளைகள் இட்டு, துருத்தியால் இடைவிடாமல் காற்றை ஊதிக்கொண்டிருந்தார். காற்று துளைகள் வழியே வெளியேறியதால் நுரையீரல் அசையாமல் உப்பியே நின்றது, நாயோ உயிரோடிருந்தது. ஆகவே உயிருக்கு வேண்டியது நுரையீரலின் அசைவு அல்ல, புதிய காற்றுதான் என்று தெரிந்தது. (இத்தகைய சோதனை ஒன்றை 1664இல் செய்தபோதே, விலங்கு படும் வேதனையைப் பார்த்து, இனி இதைச் செய்ய மனம் வராது என்று ஹூக் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். படிக்கிற நமக்கே நெஞ்சு கனக்கிறது.)

லோயர் அங்கிருந்து மேலே போனார். மூச்சுக்குழாயை அடைத்துவிட்டுக் கழுத்துத் தமனியை அறுத்துப் பார்த்தால், இதயத்தைக் கடந்து வந்த இரத்தமும் சிரை இரத்தம்போலவே கறுத்திருந்தது. இறந்த நாயின் நுரையீரலுக்குள் கறுத்த இரத்தத்தைச் செலுத்திக் காற்றை ஊதினால், அது இதயத்தைத் தொடாமலே சிவந்து வெளியே வந்தது. 1669இல் வெளியிட்ட நூலில், தாம் முன்பு எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டு, இந்தத் தெளிவுக்கு ஹூக்குக்குக் கடன்பட்டிருப்பதாகவும் குறித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

அந்நூலில் இன்னொரு சோதனையும் உண்டு. அதற்கு நாயும் வேண்டாம், துருத்தியும் வேண்டாம். பாத்திரத்தில் பிடித்த இரத்தம் உறைந்தால் மேற்பகுதி சிவந்தும் அடிப்பகுதி கறுத்தும் இருக்கும். அடியில் தங்கியிருப்பது, உடம்பின் நான்கு நீர்களில் ஒன்றாக அக்காலத்தில் கருதப்பட்ட கரும்பித்தம் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். லோயர் கட்டியைத் திருப்பிப் போடச் சொன்னார்: காற்றுப் பட்டதும் கறுத்த பக்கம் சிவந்துவிடுகிறது. இதைப் படித்த ஞாயிற்றுக்கிழமையே கறிக்கடையில் உப்புப் போடாத ஆட்டு இரத்தம் வாங்கிவந்து, உறைந்த கட்டியைத் தோசைத் திருப்பியால் புரட்டி வைத்தேன். ஈரல் நிறத்தில் இருந்த அடிப்பக்கம், முதலில் ஓரங்களிலும் பிறகு நடுவிலுமாக, கண்ணெதிரே சிவந்தது. நம் வீடுகளில் பொரியலுக்காக எத்தனை தடவை வாங்கியிருப்போம், ஒருநாளாவது இதைக் கவனித்தோமா?

காற்றில் எது இதைச் செய்கிறது என்பது தெரிய மேலும் நூறாண்டு ஆயிற்று. ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த ஆங்கிலேய வேதியியலாளர் பிரீஸ்ட்லி, கறுத்த இரத்தம் அதில் சிவப்பதை 1776இல் காட்டினார்; ஆனால் இரத்தம் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை, எரியும் பொருள்களிலிருந்து வெளியேறுவதாக அக்காலத்தில் நம்பப்பட்ட ஃப்ளாஜிஸ்டன் என்ற பொருளை வெளியே விடுகிறது என்று தலைகீழாகப் பொருள் கொண்டார். மறு ஆண்டே பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியர் அதை நிமிர்த்தினார். பாதரசமும் ஈயமும் காற்றில் சுடப்பட்டுச் சிவப்பதையும் இரத்தம் சிவப்பதையும் அவர் அருகருகே வைத்துப் பார்த்தார். நம் சித்த மருத்துவர்களின் செந்தூரம்தான் என் நினைவுக்கு வந்தது. ஒப்புமை அழகானது, ஆனால் இரத்தச் சிவப்பின் வேதியியல் வேறு: இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் உள்ள இரும்பு ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது, துருவாவதில்லை; அதனால்தான் வேண்டிய இடத்தில் அதை விட்டுவிடவும் முடிகிறது.

இரத்தத்தின் நிறத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீ, சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதை உடனே எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்