பனிமலையில் நடக்கிற இதய வகுப்பு பருத்தித்துறையிலும் நடக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இருக்கிற எங்கள் பிள்ளைகளில் இதய மருத்துவம் செய்கிறவர்கள் தை மாதத்தில் பனிமலை விடுதிகளில் நடக்கும் மாநாடுகளுக்குப் போய்ப் படம் போட்டால், இங்கே பார்க்கிறவர்கள் "படிக்கப் போனதோ, சறுக்கி விளையாடப் போனதோ" என்று கேட்கிறார்கள். நான் வடமராட்சியில் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். என் தமக்கையின் மகள் அங்கே இதய நோய்ப் பிரிவில் டொக்டராக இருக்கிறாள், அவளும் இப்படிப் போகிறவள்தான். அவளிடம் துருவித் துருவிக் கேட்ட பிறகு எனக்கு வந்தது கோபம் இல்லை, ஆசை. இப்படி ஒன்று இங்கே எங்கள் சின்ன வைத்தியசாலைகளில் வேலை செய்கிற ஆட்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசை.

கொலராடோ மாநிலத்தில் அஸ்பென் நகருக்குப் பக்கத்தில் ஸ்னோமாஸ் என்று ஒரு மலைக் கிராமம், கடல் மட்டத்தில் இருந்து 8000 அடிக்கு மேலே. அமெரிக்க இதயவியல் கல்லூரி என்ற இதய மருத்துவர் சங்கம் அங்கே வருடாவருடம் நடத்துகிற மாநாடு 50 வருடங்களைத் தாண்டிவிட்டது. விடியக் காலையில் விரிவுரை, நடுப்பகலில் மலைக்குப் போகலாம், பின்னேரம் திரும்பவும் விரிவுரை. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் டொக்டர்மார் தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் இத்தனை மணித்தியாலம் தொடர்கல்வி படித்தேன் என்று காட்டியே ஆக வேண்டும், ஆகவே போகிறவர்கள் சும்மா போகவில்லை. படிப்பிக்கிற பேராசிரியரும் கேட்கிற டொக்டரும் ஒரே விடுதியில் நாட்கணக்காக இருப்பதால், மேடையில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிடலாமாம். அதுதான் அவளுக்கு மிகவும் பிடித்தது.

சரி, படித்து முடித்த டொக்டருக்கு ஏன் திரும்பத் திரும்பப் படிப்பு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் பயிற்சியில் இருந்த காலத்தில் நெஞ்சுநோ என்று ஒருவர் வந்தால் முதல் வேலை ஒட்சிசன் மாஸ்க் போடுவது. அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. 2017இல் சுவீடனில் 6600க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு வந்து, இரத்தத்தில் ஒட்சிசன் 90 வீதமோ அதற்கு மேலோ இருக்கிறவர்களுக்கு அதனால் உயிர் பிழைக்கிற வாய்ப்புக் கூடவில்லை என்று காட்டியது. இன்னொன்று அஸ்பிரின். எங்கள் ஊரில் 70 வயது தாண்டிய எத்தனையோ பேர், இதயத்தில் ஒரு வருத்தமும் வராமலே, வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் கொண்டுவந்த போத்தலில் இருந்து தினமும் ஒரு அஸ்பிரின் போடுகிறார்கள். 2018இல் வந்த பெரிய ஆய்வுகள், அப்படியானவர்களுக்கு இரத்தக் கசிவு ஆபத்து நன்மையைவிடக் கூடவாக இருக்கலாம் என்று காட்டின. (மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதை வாசித்துவிட்டுக் குளிசையை நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். மற்றவர்களும் டொக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.) சீனி வருத்தத்துக்கு என்று வந்த டப்பாகிளிஃப்ளோசின், பலவீனமான இதயத்துக்கும் உதவுகிறது, அதுவும் சீனி வருத்தம் இல்லாதவர்களுக்கும் உதவுகிறது என்று 2019இல் தெரிய வந்தது. மருத்துவப் பீடத்தில் இருந்து அதற்கு முன்னர் வெளியே வந்த டொக்டருக்கு இதையெல்லாம் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

யாழ். போதனா வைத்தியசாலையில் விசேட நிபுணர்கள் இருக்கிறார்கள், இதயக் குழாய் அடைப்பைக் கதீற்றர் என்ற மெல்லிய குழாய் மூலம் திறக்கிற வசதி இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் படித்துக்கொள்ள முடியும். நான் பேசுவது பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை போன்ற ஆதார வைத்தியசாலைகளையும் அதற்கும் கீழே உள்ள பிரதேச வைத்தியசாலைகளையும் பற்றி. பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் 30 கிலோமீற்றருக்கு மேல். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானுக்குக் கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. நெஞ்சுநோ வந்தவர் இரவு முழுக்க வாய்வு என்று நினைத்து இஞ்சித்தண்ணியும் ஓமத்தண்ணியும் குடித்துவிட்டு விடியத்தான் வருவார். சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் சில வேளை நோவே இருக்காது, மூச்சு முட்டும், வியர்க்கும், அவ்வளவுதான்.

அப்படி வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பெரிய மாரடைப்பு என்றால், 90 நிமிடம், கூடிப்போனால் 2 மணித்தியாலத்துக்குள் கதீற்றருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா, முடியாவிட்டால் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை அங்கேயே போடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஊசி போடுவதென்றால் அரை மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். மூளையில் முன்னர் இரத்தக் கசிவு இருந்ததா, அண்மையில் சத்திரசிகிச்சை நடந்ததா என்று பதறிக்கொண்டு நிற்கிற மனைவியிடம் கேட்டு அறிய வேண்டும். அந்த ஊசி மருந்து ஸ்ரெப்ரோகைனேஸ் என்றால் ஏறும்போது பிரஷர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், ரெனெக்ரெப்ளேஸ் என்றால் உடல் நிறைக்கு ஏற்ற அளவை ஒரே தடவையில் போட வேண்டும். 1988இலேயே, 17000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வெறும் அஸ்பிரினும் ஸ்ரெப்ரோகைனேசும் சேர்த்துக் கொடுத்தால் முதல் ஐந்து கிழமைக்குள் நடக்கிற மரணங்கள் 42 வீதம் குறைகின்றன என்று கண்டார்கள். இந்தத் தீர்மானம் எல்லாம் இரவில் ஒரு இளம் வைத்திய அதிகாரியினதும் ஒரு தாதியினதும் தலையில்தான் விழுகிறது. ஈ.சி.ஜி.யைப் படமெடுத்து நிபுணருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஆனால் அனுப்ப வேண்டிய ஈ.சி.ஜி. இது என்று கண்டுபிடிக்க வேண்டியவர் அங்கே நிற்கிற ஆள்தான்.

இங்கே மாநாடே நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. யாழ். மருத்துவச் சங்கம் வருடாந்த அமர்வுகளை நடத்துகிறது, மருத்துவப் பீடமும் நடத்துகிறது. ஆனால் கடமைக்கு ஒரே ஒரு டொக்டர் இருக்கிற வைத்தியசாலையில் அவர் வாசலைப் பூட்டிவிட்டுப் பட்டணத்துக்கு வர முடியுமா? தாதியர், ஈ.சி.ஜி. எடுக்கிறவர்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸில் வருகிற பிள்ளைகள், இவர்களை யார் கூப்பிடுகிறார்கள்? பனிமலைக்குப் போகிற டொக்டர் போக முடிவதற்குக் காரணம் பணம் மட்டுமில்லை, அவர் இல்லாத நாட்களில் அவருடைய நோயாளிகளைப் பார்க்க இன்னொருவர் இருக்கிறார். எங்களுக்கு முதலில் வேண்டியது அந்த இன்னொருவர்.

வெளிநாட்டில் இருந்து வருகிற டொக்டர் இங்கே பதிவு இல்லாமல் நோயாளியைப் பார்க்க முடியாது, ஆனால் படிப்பிக்கலாம். ஆகவே பதில் ஆளை மாகாண சுகாதாரத் திணைக்களம்தான் ஒழுங்கு செய்ய வேண்டும். அதுவும் முடியாதென்றால் ஒரே வகுப்பை இரண்டு நாள் நடத்துங்கள், முதல் நாள் பாதி ஆட்கள், அடுத்த நாள் மற்றப் பாதி. வைத்தியசாலை வாட்டில் கடமை ரோஸ்டர் போட்ட எனக்குத் தெரியும், இது நடக்கக் கூடிய காரியம்.

காலம் என்று கேட்டால் நல்லூர்த் திருவிழா. லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று எங்கள் டொக்டர்மார் குடும்பத்தோடு வந்து நிற்கிற 25 நாட்கள். காலைப் பூசை முடிந்து பின்னேரத் திருவிழா தொடங்குகிற வரைக்கும் நேரம் கிடக்கிறது. வருகிறவர்களில் இதய மருத்துவர்கள் ஆளுக்கு ஒரு மதியம் தந்தாலே போதும். பட்டணத்து ஹோட்டலில் வைக்க வேண்டாம், பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் வைத்தியசாலைக்குள்ளேயே வையுங்கள். தாதியருக்கும் அம்புலன்ஸ் பிள்ளைகளுக்கும் தமிழில் சொல்லுங்கள். 1847இல் அமெரிக்காவில் இருந்து வந்த டொக்டர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊர் இது. மற்றக் காலங்களில் இணையம் இருக்கிறது. தை மாதத்தில் கொலராடோவில் காலை 7 மணி என்றால் எங்களுக்கு இரவு 7.30, அங்கே காலை வகுப்பை இணையத்தில் விடுகிறவர்கள் இருந்தால் இங்கே இரவுக் கடமைக்கு வருகிறவர்கள்கூட முதல் அரை மணித்தியாலம் பார்க்கலாம்.

செலவை மருந்துக் கொம்பனிகளிடம் கேட்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அமெரிக்காவிலேயே 2010இல் சட்டம் போட்டு, எந்தக் கொம்பனி எந்த டொக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை 2014இல் இருந்து பொதுமக்கள் பார்க்க விட்டிருக்கிறார்கள். சாப்பாடு போட்ட கொம்பனியின் குளிசைதான் அடுத்த நாள் துண்டில் எழுதப்படுகிறது என்ற சந்தேகம் எங்கள் சனத்துக்கு வரவே கூடாது. பாடசாலைக் கட்டடத்துக்கும் கோயில் கோபுரத்துக்கும் அள்ளிக் கொடுக்கிற எங்கள் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒரு நாள் தேத்தண்ணிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கொடுக்க மாட்டார்களா? படிப்பிக்க வருகிறவரும் தனக்கு எந்தக் கொம்பனியோடு தொடர்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.

ஆடி, ஆவணிக்கான ரோஸ்டர் போட முன்னர் திகதி தெரிய வேண்டும். திணைக்களமும் மருத்துவச் சங்கமும் வைகாசிக்குள் பேசி முடித்து உங்கள் பத்திரிகையில் அறிவித்தால், வெளிநாட்டில் இருக்கிறவர்களும் அதைப் பார்த்து ரிக்கெட் போடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கரவெட்டி