நடுவில ஒண்டும் இல்லையெண்டு எழுதாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வந்த பயணக் கட்டுரை வாசிச்சன். கனடாவில வினிபெக்கில இருந்து கல்கரி மட்டும் கார் ஓடின தம்பி, நடுவில ஒண்டும் இல்லை, வெறும் வெளி, நித்திரைதான் வந்தது எண்டு எழுதியிருக்கிறார். அவரில கோவமில்லை, ஹைவேயால போனா அப்பிடித்தான் தெரியும். ஆனா நான் நடுவில சஸ்காச்சுவான் மாகாணத்து றெஜைனாவில இருந்துகொண்டு பதினொரு வருசமா அந்த "ஒண்டுமில்லை"க்குள்ளதான் தானிய ட்ரக் ஓடுறன்.

மூஸ் ஜோ நகரத்துக்கு மேற்கால, கிறவல் ரோட்டில கன தூரம் உள்ள போனா ஒரு ஊர். நாப்பது பேர் இருப்பினம். பேர் எழுதேல்லை, எழுதினா ஆரைப் பற்றிச் சொல்லுறனெண்டு அங்க ரெண்டு நிமிசத்தில கண்டுபிடிச்சிடுவினம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கு, கடை இல்லை, தண்டவாளத்தையும் கிளப்பிக்கொண்டு போயிட்டாங்கள். மிச்சம் ஒரு ஹோலும் சேர்ச்சும்தான்.

முதல் ஒருக்கா ஜனவரியில போனனான், மைனஸ் முப்பது, காத்து பனியை அள்ளிக் கொட்டினதில ரோட்டுக்கும் காணிக்கும் வித்தியாசம் தெரியேல்லை, ட்ரக் பள்ளத்துக்க இறங்கிட்டுது. போனில சிக்னலும் இல்லை. அரை மணித்தியாலத்தில ஒரு கிழவர் ட்ரக்ரரோட வந்து சங்கிலி போட்டு இழுத்தார். காசு நீட்டினன், வேண்டேல்லை, ஹோலுக்குக் கோப்பி குடிக்க வா எண்டு கூட்டிக்கொண்டு போனார். அங்க ஏழு பேர் வட்டமா இருக்கினம், நடுவில தாயக்கட்டை. உருட்டித் தோக்கிற ஆள்தான் எல்லாருக்கும் கோப்பிக் காசை ரின்னுக்க போடோணும். நான்தான் தோத்தன். இழுத்து விட்ட காசை இப்பிடி வேண்டினவங்களோ எண்டு இண்டைக்கும் எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த ஊர்கள் ஏன் வந்தது ஏன் தேயுது எண்டு அந்த மேசையிலதான் கேட்டுப் படிச்சன். கனடா அரசாங்கத்தின்ர 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில 10 டொலர் கட்டினா 160 ஏக்கர் காணி. குதிரை வண்டிலில கோதுமை ஏத்திக்கொண்டு போய் ஒரு பகலுக்க திரும்பி வரக்கூடிய தூரத்துக்கு ஒரு றெயில் ஸ்டேசன், தானியம் கொட்டிவைக்க எலிவேற்றர் எண்டிற ஒரு உயரமான மரக் களஞ்சியம், அதைச் சுத்தி ஊர். 1930களில பிரெய்ரி எண்டிற இந்த வெளி மாகாணங்கள் முழுக்க 5,700க்கு மேல எலிவேற்றர் நிண்டதாம். பேர் வைச்சுக் களைச்சாங்களோ தெரியாது, சஸ்காச்சுவானில ஒரு றெயில் லைன் வழிய ஏ, பி, சி எண்டு இங்கிலிஸ் எழுத்து வரிசையா வைச்சுக்கொண்டு போய் எக்ஸுக்கு ஸீனா, வைக்கு யங், ஸெட்டுக்கு ஸெல்மாவில முடிச்சிருக்கிறாங்கள். பிறகு றெயில் கூலிக்குக் குடுத்த அரசாங்க உதவி 1995இல நிண்டுது, கிளை லைனுகள் மூடுப்பட்டுது, மர எலிவேற்றரை இடிச்சுப்போட்டு எங்கயோ தூரத்தில பெரிய கொங்கிறீற்றில கட்டினாங்கள். இப்ப சஸ்காச்சுவானில ஒரு பண்ணை சராசரியா 1,700 ஏக்கருக்கு மேல, முந்தி பத்துக் குடும்பம் இருந்த இடத்தில ஒண்டு. மாகாண அரசு ஓட்டின பஸ்ஸும் 2017 மே மாசத்தோட சரி. கார் ஓடேலாத கிழவிமாரை டொக்டரிட்டக் கொண்டு போறது அந்தக் கோப்பிக்காரர்தான், முறை வைச்சு.

இனி நான் சொல்ல வந்த விசயம். அந்தக் கிழவர் விதைக்கிறது என்ன தெரியுமோ, எங்கட மைசூர்ப் பருப்பு! கொழும்புக் கடையில நிறுத்து வேண்டின பருப்பில கனக்க இந்தப் பக்கத்துக் காணியளில விளைஞ்சது. செடி முழங்கால் உயரமும் வராது, கொம்பைன் எண்டிற அறுவடை மெசின் நிலத்தோட ஒட்டி வெட்டோணும், அதால விதைச்ச கையோட பெரிய உருளையை ஓட்டிக் கல்லெல்லாத்தையும் மண்ணுக்க அமத்துவினம். 2017 கடைசியில இந்தியா பருப்புக்கு 30 வீத வரி போட்ட நேரம் அந்த மேசையில ஒட்டாவாவைப் பற்றி ஒரு கதையும் இல்லை, டெல்லியைப் பற்றித்தான். அங்க மழை எப்பிடி எண்டு என்னட்டக் கேப்பினம், நான் யாழ்ப்பாணம் எண்டு எத்தினை தரம் சொன்னாலும்.

இவ்வளவும் விதைச்சும் கிழவர் ஒருநாளும் பருப்புக்கறி திண்டதில்லை, எப்பவாவது சூப்பில போடுவினமாம். ஒக்டோபரில அறுவடை முடிய ஹோலில வான்கோழிச் சாப்பாடு குடுக்கிறவை, வெளியூருக்குப் போன பிள்ளையளும் வருங்கள், அண்டைக்கு மட்டும் நாப்பது இருநூறாகும். மனிசி தேங்காய்ப்பால் விட்டு வெங்காயம் செத்தல் தாளிச்சு ஒரு சட்டி பருப்பு தந்துவிட்டா. கோவா இலைச் சுருட்டலுக்குப் பக்கத்தில வைச்சன். கிழவர் ஒரு கரண்டி திண்டிட்டு, இதையோ நான் இவ்வளவு காலமும் லொறியில ஏத்தி அனுப்பினனான் எண்டு கேட்டார். மற்ற வருசம் ரெண்டு சட்டி கேட்டிச்சினம்.

கட்டுரை எழுதின தம்பியை இந்த ஒக்டோபருக்கு வரச்சொல்லுங்கோ, ரிக்கற் என்ர செலவு. தாயக்கட்டையை மட்டும் தொடவேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ.

இப்படிக்கு,
றெஜைனாவில இருந்து ஒரு வாசகன்