அப்பாவிடமே கேளுங்கள், டாக்டர்

சிங்கப்பூர் மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளில் பணியாற்றும் டாக்டர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம். என் அப்பாவுக்கு 78 வயது. பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. முதல் சந்திப்பில் டாக்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். நடக்கிறாரா? சாப்பிடுகிறாரா? எல்லாவற்றுக்கும் "ஓகே" என்றேன். தளர்ச்சி என்று வாய்விட்டால் சிகிச்சையே இல்லை என்றுவிடுவார்களோ என்ற பயம். அப்பா தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

முதல் கீமோ முடிந்த ஆறாம் நாள் குளியலறையில் விழுந்தார். வார்டில் ஒரு மலாய்த் தாதி அவரிடம் மலாயிலேயே பேச்சுக் கொடுத்தார். அப்பாவுக்குக் கம்பத்துக் காலத்து மலாய் தண்ணீர்பட்ட பாடு. கால் மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. கீமோவுக்கு முன்பே இரண்டு தடவை விழுந்திருக்கிறார். இடுப்பு வாரில் புதிதாக இரண்டு துளை போட்டிருக்கிறார். தூக்க மாத்திரை ஒன்று, பிரஷருக்கு இரண்டு, போதாததற்குத் தேக்காவில் வாங்கிய லேகியம். ஒரே வீட்டில் இருக்கும் எனக்கே இதெல்லாம் தெரியாது!

இவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 'ஜி8' என்ற எட்டுக் கேள்விப் பட்டியலுக்குச் சில நிமிடம் போதும். பசி, எடைக் குறைவு, நடமாட்டம், மருந்துகளின் எண்ணிக்கை என்று கேட்டு, 17க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால், மூத்தோரின் உடல், மனம், ஞாபகசக்தி, அன்றாட நடமாட்டம் எல்லாவற்றையும் பார்க்கும் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. இங்கே சில இடங்களில் நடக்கவும் செய்கிறது. எல்லா மூத்தோருக்கும், முதல் சொட்டு மருந்து ஏறும் முன்பே நடக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

குடும்பத்தாரின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயுள்ள, 70 வயதைக் கடந்த 718 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. மதிப்பீட்டின் சுருக்கத்தைப் புற்றுநோய் டாக்டரின் கையில் கொடுத்த இடங்களில், கடுமையான பக்கவிளைவு கண்டவர்கள் 51 விழுக்காடு. கொடுக்காத இடங்களில் 71. சுருக்கம் கொடுத்த இடங்களில் பலருக்கு மருந்தின் அளவைக் குறைத்துத் தொடங்கியும், ஆறு மாத உயிர்பிழைப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அன்று "ஓகே" போட்டிருக்க மாட்டேன்.

மொழி விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். மதிப்பீட்டில் வரும், மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் சோதனையை ஆங்கிலத்தில் வைத்தால், தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை தமிழ் படித்தவரின் ஞாபகசக்தியா தெரியும்? ஆங்கிலம் தெரியாதது மட்டும்தான் தெரியும். நான் மொழிபெயர்ப்பதும் சரிவராது. மகள் எதிரில் எந்த அப்பா "சிறுநீர் அடக்க முடியவில்லை" என்பார்?

அப்பாவுக்கு அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை. தமிழோ மலாயோ தெரிந்த ஒரு தாதியை அவரோடு உட்கார வையுங்கள். நான் வெளியே இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு மகள்